மூணு சீட் சோபாவும் ஒரு முழு எண்ணும்

கோவண்டி ஸ்டேஷனில் காலை ரயில் ஏறும் ஆண்களில் பிரம்மநாயகத்தைப் போன்ற நீதிமான் இன்னொருவர் கிடையாது. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

பன்வேலிலிருந்து வரும் வண்டி கோவண்டிக்கு வரும்போதே நிறைமாதமாகத்தான் வரும். முழு சீட் கிடைப்பதெல்லாம் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர்களுக்கு. ஆனால் இந்த ஊரில் ஓர் ஏற்பாடு உண்டு. மூன்று பேர் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் நாலாவதாக ஒருவர் வந்து நின்று, தொடையை லேசாகத் தட்டுவார். மூவரும் ஜன்னல் பக்கம் நெருங்கிக்கொள்வார்கள். வந்தவர் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். இதற்கு ஃபோர்த் சீட் என்று பெயர். சட்டத்தில் இல்லாதது. ஆனால் சட்டத்தைவிட ஒழுங்காக நடப்பது.

அன்று ஜன்னலோரம் இருந்த ஒரு பெரிய மனிதர் நகர மறுத்துவிட்டார். "இது மூணு பேர் சீட்" என்றார் இந்தியில், முகத்தைத் திருப்பாமலே.

பிரம்மநாயகம் தொண்டையைச் செருமினார். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் டிபன் பை. ஊர் வாடை அடிக்கும் இந்தியில் அவர் ஆரம்பித்ததும் பெட்டியே அவர் பக்கம் திரும்பியது.

"பாய் சாப், உங்க சீட்டை முழுசாவா கேட்டேன்? கால். வெறும் கால் சீட்டு. நீங்க ஒரு கால் குடுங்க, இவரு ஒரு கால், அவரு ஒரு கால். மூணு காலும் சேந்தா முக்கால். எனக்கு முக்கால் வந்தாச்சு. உங்க மூணு பேருக்கும் முக்கால் முக்கால் மிச்சம் இருக்கு. பெஞ்சுல நாலு பேரும் சமம்! உக்காந்திருக்க ஒருத்தரும் முழுசா எதையும் இழக்கலை. ஆனா நிக்குத நான் மட்டும் முழுசா நிக்கேன். இது நியாயமா?"

பெரிய மனிதர் நகர்ந்தார். பெட்டி கைதட்டியது. பிரம்மநாயகத்தின் ரயில் சிநேகிதன் தௌசீப் இதையெல்லாம் போனில் பிடித்து, "கோவண்டி கா ஹீரோ" என்று தலைப்பும் போட்டு, ரயில் குரூப்பில் அனுப்பிவிட்டான். மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கிப் பேரீச்சம்பழ மொத்தக்கடைக்கு வேலைக்குப் போகும்வரை பிரம்மநாயகத்தின் கால் தரையில் பாவவில்லை.

கணக்கில் தப்பே இல்லை. யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்: நாலு முக்கால் மூணு. தப்பு, அந்தக் கணக்கு எந்த ஸ்டேஷனில் இறங்கிக்கொள்கிறது என்பதில்தான். மாலையில் வண்டி கோவண்டிக்குத் திரும்பியதும் கணக்கு பிளாட்பாரத்திலேயே நின்றுகொள்ளும். வீட்டுக்கு வந்து சேருவது பிரம்மநாயகம் மட்டும்.

வீட்டில் ஒரு சோபா இருந்தது.

மெரூன் நிறம், மூணு சீட், குர்லாவில் வாங்கியது. தீபாவளிக்கு வந்த போனஸை மனைவி பேராச்சியிடம் காட்டாமல் நேரே கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். சோபா வாங்கியவர் சந்தின் அகலத்தை யோசிக்கவில்லை. அடுத்த வீட்டு ஜான்சியின் வாசலுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில் சோபா சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அந்தப் பக்கத்து ஜனம் அந்தப் பக்கம், இந்தப் பக்கத்து ஜனம் இந்தப் பக்கம். கடைசியில் பேராச்சிதான் வந்து பார்த்துவிட்டு, "காலை அறுத்துப்போடுங்க" என்றாள். பிரம்மநாயகம் தன் காலை ஒருதரம் பார்த்துக்கொண்டார். சோபாவின் காலை என்று தெரிந்ததும் சம்மதித்தார். ஒன்றிலிருந்து நாலு காலை எடுத்தால் மிச்சம் ஒன்றும் இல்லை என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இது வேற கால் என்பதால் சோபா பிழைத்தது. அன்றிலிருந்து அது அடைகாக்கும் கோழிபோலத் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது.

வேலைவிட்டு வந்ததும் பிரம்மநாயகம் அதில் நீளமாகப் படுப்பார். தலை இடது கைப்பிடியில், பாதம் வலது கைப்பிடியில், ரிமோட் தொப்பையில். அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். காலையில் முக்கால் சீட்டுக்குப் போராடியவருக்கு மாலையில் மூணு சீட்டும் வேண்டும். பகலெல்லாம் பின்னமாக இருந்த மனிதன் ராத்திரி முழுசாக வேண்டாமா என்பது அவர் கட்சி.

அந்தச் சோபாவுக்குத்தான் ஆபத்து வந்தது.

ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்தால் சோபாவில் மூன்று பெண்கள். நடுவில் பேராச்சி. இடப்பக்கம் அடுத்த வீட்டு ஜான்சி. வலப்பக்கம் எதிர்வீட்டுத் தங்கத்தாய். மூவர் மடியிலும் ஜீன்ஸ் பேண்ட். ஷாகுல் ஹமீது பாயின் தையல் பட்டறையிலிருந்து மூட்டையாக வரும். தைத்த பேண்ட்டில் தொங்குகிற நூலையெல்லாம் சின்ன கட்டரால் நறுக்கிக் கொடுக்க வேண்டும். தாகா கட்டிங் என்பார்கள். காலையில் பாய் ஆளனுப்புவதற்குள் மூட்டை முடிந்திருக்க வேண்டும். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க அண்ணாச்சி" என்றாள் தங்கத்தாய், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தன் வீட்டில் தன்னையே வரவேற்கிறார்களே என்று பிரம்மநாயகம் டிபன் பையோடு நின்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தொடையைத் தட்டி இடம் கேட்கவும் வழியில்லை. அடி விழும்.

பேராச்சியை அடுப்பு மூலைக்குக் கூப்பிட்டார். "இவிய எதுக்கு இங்க?"

"ஜான்சிக்கு மூட்டு வலி. தரைல உக்காந்தா எந்திரிக்க முடியல. சோபா சும்மாதான கெடக்கு."

"சும்மா கெடக்கா! நான் படுக்கத எடம் அது!"

"மெதுவாப் பேசுங்க. டீ போடணும், தள்ளுங்க."

"போடு. வந்தவியளுக்குக் கட்டிங் போதும், அரை டீ. முழு டீ குடுத்தா முழு நேரமும் இங்கனதான் இருப்பாவ."

மறுநாளும் அவர்கள் வந்தார்கள். அதற்கு மறுநாளும். பிரம்மநாயகம் வாசற்படியில் உட்கார்ந்து, தன் டிவியைத் தன் வீட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அந்தத் தீர்மானத்துக்கு வந்தார். சண்டை போட்டு இந்த வீட்டில் அவர் ஜெயித்ததில்லை. கணக்குப் போட்டு ஜெயிக்க வேண்டியதுதான்.

கணக்கு மேலே லாஃப்ட்டில் இருந்தது. மகள் இசக்கி குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு. வீட்டில் இசக்கி, பள்ளிக்கூடத்தில் ஈஷா. பிரம்மநாயகம் ஏணியில் பாதி ஏறித் தலையை நீட்டினார்.

"என்னத்தட்டி எழுதுத?"

"ஃப்ராக்‌ஷன் அப்பா. அப்புறம் ஹோல் நம்பர்."

"ஹோல் நம்பர்னா முழு எண்ணு. சொல்லு பாப்போம்."

"ஸீரோ, ஒன், டூ, த்ரீ..."

"நில்லு நில்லு. சைபர் எல்லாம் ஒரு நம்பரா? ஒண்ணுமே இல்லாததுக்கு என்னட்டி நம்பர்? ஒண்ணுல இருந்து சொல்லு."

"அரே, டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க அப்பா. ஹோல் நம்பர் ஸீரோலதான் ஸ்டார்ட்."

"டீச்சர் சொந்தமா சோபா வாங்கியிருக்காவளா?"

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இசக்கிக்குப் புரியவில்லை. அவள் பாட்டுக்கு அடுத்த கணக்கை எழுதினாள். மேலே மூன்று, கீழே மூன்று, நடுவில் கோடு. விடை ஒன்று.

"எப்படி ஒண்ணு?"

"மேலயும் கீழயும் சேம் நம்பர் இருந்தா ஒன் அப்பா. மூணு ரொட்டி, மூணு ஆளு. ஆளுக்கு ஒரு ரொட்டி. பஸ், அவ்ளோதான்."

பிரம்மநாயகத்தின் முகத்தில் டியூப்லைட் எரிந்தது. ஏணியிலிருந்து இறங்கியவர் வேறு மனிதர்.

சாப்பாடு முடிந்ததும் சபையைக் கூட்டினார். சபை என்றால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பேராச்சி.

"இங்க பாரு பேராச்சி. இந்த சோபா மூணு சீட்டு. வீட்டுல மூணு பேரு. மூணு பை மூணு எவ்வளவு?"

"ஒண்ணு."

"அப்போ ஆளுக்கு ஒரு சீட்டு. முழுசா! எனக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணு. ஆம்பளைக்கு ஒரு நியாயம் பொம்பளைக்கு ஒரு நியாயம்னு நம்ம வீட்டுல கெடையாது."

"பரவால்லியே" என்றாள் பேராச்சி, தோசைக்கல்லைச் சுரண்டியபடி.

"ஆனா வெளி ஆளு உக்காந்தா என்ன ஆகும்? மூணு பை நாலு. மூணு பை அஞ்சு. எல்லாம் பின்னம். டிரெயின்லதான் பின்னத்துல உக்காந்து சாவுதேன், வீட்டுலயுமா? இந்த வீட்டுல பின்னமே கெடையாது. முழு எண்ணு மட்டுந்தான்."

"நானும் பிள்ளையும் உக்காராத நேரம் எங்க சீட்டு?"

"சும்மாதான கெடக்கும். சும்மா கெடக்க எடத்துல நான் காலை நீட்டிக்கிடுதேன்."

பார்த்தீர்களா அந்தப் புத்தியை? குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து, டிரம்மை நிரப்பி, மூன்று டிபன் கட்டி, துவைத்து, உலர்த்தி, மடித்து, ஜீன்ஸில் நூல் நறுக்கி, மறுபடி அடுப்புக்குப் போகிறவள் பேராச்சி. கல்யாணமான நாளிலிருந்து அவள் சாய்ந்து உட்கார்ந்து பிரம்மநாயகம் பார்த்தது அந்த மூன்று மாலைகளில்தான். அப்போதும் மடியில் வேலை. இசக்கியோ லாஃப்ட்டைவிட்டு இறங்கமாட்டாள். ஆளுக்கு ஒரு சீட் என்று சமமாகப் பிரித்தால், பிரித்த மாதிரியும் ஆயிற்று, மூணு சீட்டும் தன்னிடமே இருந்த மாதிரியும் ஆயிற்று. உட்கார நேரமில்லாதவளுக்கு உட்காரும் உரிமையைக் கொடுப்பதில் கொடுப்பவருக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. உலகத்தில் நிறையப் பேர் இப்படித்தான் தாராளமாக இருக்கிறார்கள்.

"பேச்சு மாற மாட்டியளே?" என்று கேட்டாள் பேராச்சி.

"சுடலைமாடன் சத்தியமா! இந்த வீட்டுல என் பங்கு முழு எண்ணாத்தான் இருக்கும். பின்னத்துக்கு நான் ஒத்துக்கிடவே மாட்டேன்."

"சரி" என்றாள் பேராச்சி.

அங்கேதான் அவர் பயந்திருக்க வேண்டும். பேராச்சி உடனே சரி சொன்ன விஷயம் எதுவும் அவருக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. கடையில் சாக்குக்கு முத்திரை குத்தி மிச்சம் விழுந்த சாயத்தைத் தலைக்கு அடிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோதும் இப்படித்தான் உடனே சரி என்றாள். அப்புறம் அவர் பல நாள் கத்தரிக்காய் மாதிரி வேலைக்குப் போய் வந்தார்.

ஆனால் மனிதன் மறப்பவன். அடுத்த சில நாட்கள் சொர்க்கம். சோபாவில் பிரம்மநாயகம், தரையில் பெண்கள். ஜான்சி எழுந்திருக்கும்போதெல்லாம் "ஏசப்பா" என்று ஏசுவையும் முழங்காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்தச் சத்தம் கேட்கும்போது பிரம்மநாயகம் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.

பிறகு ஒருநாள் சந்துக்குள் திரும்பும்போதே அவருக்கு ஒரு குரல் கேட்டது. நல்ல கம்பீரமான குரல். எங்கேயோ கேட்ட குரல். "உங்க சீட்டை முழுசாவா கேட்டேன்? கால். வெறும் கால் சீட்டு."

அவருடைய குரல்தான். அவருடைய வீட்டிலிருந்துதான் வந்தது.

உள்ளே போனால் ஜான்சியின் போனைச் சுற்றி எல்லாத் தலைகளும். தௌசீப் அனுப்பிய வீடியோ பெட்டி பெட்டியாக மாறி, குரூப் குரூப்பாக ஏறி இறங்கி, சந்துக்கே வந்து சேர்ந்திருந்தது.

"அண்ணாச்சி!" என்றாள் தங்கத்தாய். "என்னமா பேசியிருக்கீய! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு."

பிரம்மநாயகம் கூச்சப்பட்டு, செருப்பைக் கழற்றினார்.

"டிரெயின்ல போற வாற ஆளுக்கெல்லாம் நியாயம் கேக்கீய" என்றாள் ஜான்சி. "தரைல கெடக்கேனே, எனக்குக் கால் சீட்டு கெடையாதா?"

"அது டிரெயின், ஜான்சி. ரயில்வே சொத்து. பொதுச் சொத்துல பின்னம் உண்டு. வீடுன்னா முழு எண்ணு."

"என் முட்டிக்கு அது தெரியலயே அண்ணாச்சி. டிரெயின்லயும் வலிக்கி, வீட்டுலயும் வலிக்கி."

பிரம்மநாயகம் ரிமோட்டைத் தேடினார். ஆச்சரியம், பேராச்சி அவருக்குத் துணைக்கு வந்தாள்.

"விடு ஜான்சி. அவிய சத்தியம் பண்ணிட்டாவ. வீட்டுல பின்னம் கெடையாது."

பிரம்மநாயகத்துக்கு மார்பு விரிந்தது. விரிந்த மார்போடு சோபாவில் நீளமாகச் சாய்ந்தார்.

"ஆனா ஒண்ணு கேக்கேன்" என்றாள் பேராச்சி. "பங்குன்னா சோபால மட்டுந்தானா? நாங்க சோபால உக்காந்தப்போ சும்மாவா உக்காந்தோம்? மடில வேலையோடதான உக்காந்தோம்? சோபால ஒருத்தருக்கு எவ்வளவு பங்கோ, மூட்டையிலயும் அவ்வளவு பங்கு. அதுதான நியாயம்? கோவண்டி ஹீரோ நீங்க. நீங்களே சொல்லுங்க."

மூன்று பெண்களும் அவரைப் பார்த்தார்கள். போனில் அவரே அவரைப் பார்த்தார். ஹீரோ என்று சொல்லிவிட்ட பிறகு ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? மூணில் ஒரு பங்குதானே, நாலு நூலை நறுக்கினால் போயிற்று என்று மனதுக்குள் கணக்குப் போட்டார்.

"நியாயம்னா நியாயந்தான்! என் பங்கு ஒன் பை த்ரீ. குடு இங்க!"

"த்ரீ பை த்ரீ" என்றது லாஃப்ட்டிலிருந்து ஒரு குரல்.

"என்னட்டி?"

"அப்பா, நீங்க மூணு சீட்லயும் படுத்திருக்கீங்க. த்ரீ பை த்ரீ. மத்லப் ஒன்." இசக்கி தலையை நீட்டினாள். "ஹோல் மூட்டை."

பேராச்சி மூட்டையைத் தூக்கி அவர் தொப்பைமேல் வைத்தாள். முழுசாக.

அன்று மாலை பிரம்மநாயகம் பேரீச்சம்பழத்தைவிடக் கடினமான ஒரு பொருளை முதன்முதலாகக் கையில் பிடித்தார். ஜீன்ஸ் துணி. அதில் நூல் எங்கே இல்லை என்று தேடுவது சுலபம். ஜிப்பில், பையில், பெல்ட் மாட்டும் பட்டையில், ஓரத்தில், உள்ளே, வெளியே. ஒன்றை நறுக்கினால் பக்கத்தில் இரண்டு முளைத்தன.

"அண்ணாச்சி, அது நூலில்ல, தையலு" என்றாள் தங்கத்தாய்.

"எது?"

"இப்ப நறுக்கினீயளே, அது. கால் ரெண்டும் தனித்தனியா வந்துட்டு பாருங்க."

டிவியில் கிரிக்கெட் ஓடியது. யார் அடித்தார்கள், யார் அவுட் ஆனார்கள், ஒன்றும் தெரியவில்லை. மூன்று பேண்ட் முடிப்பதற்குள் அவர் கட்டைவிரல் கொழுக்கட்டையாகிவிட்டது. மூட்டையோ அப்படியே இருந்தது. மிச்சத்தைப் பெண்கள் சீரியலில் ஒரு சண்டை தொடங்கி முடிவதற்குள் முடித்துப்போட்டார்கள். "இன்னைக்கு மட்டும் கை குடுக்கோம் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே.

மறுநாள் பிரம்மநாயகம் படுக்கவில்லை. சோபாவின் ஓரத்தில், ஒரே ஒரு சீட்டில், முழங்காலைச் சேர்த்து, கோயிலில் உட்கார்வதுபோல் உட்கார்ந்தார்.

"ஒரு சீட்டுதான். பாத்துக்கோ. ஒன் பை த்ரீ."

"அப்போ நாங்க எங்க சீட்டுல உக்காருதோம்" என்றாள் பேராச்சி. உட்கார்ந்தாள். சாய்ந்தாள். கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். இசக்கியும் புத்தகத்தோடு இறங்கி வந்து உட்கார்ந்தாள். "பிள்ளைக்குப் பரீட்சை. அவ பங்கு வேலையை நான் பாத்துக்கிடுதேன்."

மூணில் ஒரு பங்கு மூட்டை அவர் மடியில் விழுந்தது. முழு மூட்டையைவிடச் சின்னதுதான். ஆனாலும் மலை. மூணில் ஒரு பங்கு இமயமலையும் மலைதானே.

நறுக்கிக்கொண்டே பிரம்மநாயகம் யோசித்தார். மேலே இருக்கிற எண் மாறாமல் கீழே இருக்கிற எண் பெருத்தால் பங்கு சிறுக்கும். மூணில் ஒன்றைவிட அஞ்சில் ஒன்று சின்னது. அஞ்சில் ஒன்றைவிட ஆறில் ஒன்று சின்னது. கீழே ஆளைச் சேர்க்க வேண்டும். எந்தக் கீழ் எண்ணைப் பார்த்து அதுவரை நடுங்கினாரோ, அதன்மேல் அவருக்குத் திடீரென்று ஆசை வந்தது.

அடுத்த மாலை ஜான்சி தரையில் உட்காரப் போனாள்.

"சே, என்ன ஜான்சி! மூட்டு வலியை வச்சுக்கிட்டுத் தரையிலயா? மேல வந்து உக்காரு. தங்கத்தாயி, நீயும் வா."

பேராச்சி புருவத்தை உயர்த்தினாள். "அஞ்சு பேராயிருவோமே. மூணு பை அஞ்சு. பின்னம்லா?"

"பின்னத்தை விடு. மனுசத்தன்மைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

அஞ்சு பேர் உட்கார்ந்தார்கள். மனுசத்தன்மை காரணமாக அவர் மூட்டை அஞ்சில் ஒன்றாயிற்று. அதுவும் அதிகமாகத்தான் பட்டது. எழுந்து போய் வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏ சுப்புலக்ஷ்மி! எங்க போற? வா, வா. சோபால எடம் கெடக்கு!"

மேல்மாடிச் சுப்புலக்ஷ்மி தண்ணீர்க் குடத்தோடு திகைத்து நின்றாள். இந்த மனிதர் சோபாமேல் ஈ உட்கார்ந்தாலும் விரட்டுவார் என்று சந்து முழுக்கத் தெரியும். என்ன ஆயிற்றோ என்று பயந்துபோய் வந்தாள். அவளும் உட்கார்ந்தாள்.

ஆறு பேர், மூணு சீட். ஆளுக்கு அரை. சோபா முனகியது. பிரம்மநாயகம் ஓரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் வைத்து, மறு பக்கத்தைக் காற்றில் வைத்து உட்கார்ந்தார். ரயிலில்கூட அவருக்கு முக்கால் கிடைக்கும். ஆனாலென்ன? மூட்டையில் ஆறில் ஒன்றுதான்! கையளவு பேண்ட். முடித்துவிட்டு மீதி மேட்சைப் பார்த்துவிடலாம். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு கட்டரை எடுத்தார்.

அப்போது வாசலில் ஷாகுல் ஹமீது பாயின் குரல் கேட்டது.

"பேராச்சிம்மா, நீங்க போன்ல சொன்ன மாதிரியே கொண்டாந்துட்டேன். ஆறு ஆளு இருக்கு, இன்னொரு மூட்டையும் அனுப்புங்கன்னு சொன்னீங்கள்ல?"

பாய் இரண்டாவது மூட்டையை இறக்கினார். அது இறங்கிய சத்தம் பிரம்மநாயகத்தின் நெஞ்சில் கேட்டது.

"நீ எப்பட்டி போன் பண்ணின?"

"நீங்க சுப்புலக்ஷ்மியைக் கூப்பிட வாசலுக்குப் போனீயள்லா, அப்போ. பாய் பட்டறை அடுத்த சந்துதான."

பிரம்மநாயகம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். போடவேண்டிய அவசியமில்லை. இசக்கி போட்டுவிட்டாள்.

"ரெண்டு மூட்டை, ஆறு பேரு. டூ பை சிக்ஸ். மேலயும் கீழயும் ரெண்டால கட் பண்ணினா ஒன் பை த்ரீ." புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "நேத்து இருந்த அதே ஃப்ராக்‌ஷன்தான் அப்பா. ஸேம் டு ஸேம்."

வேலை பழைய மூணில் ஒன்று. சீட் மட்டும் ஒன்றிலிருந்து அரை. ஊரையெல்லாம் கூட்டிவந்து உட்காரவைத்து, தன் சோபாவைத் தானே பாதியாக்கி, வேலையில் ஒரு நூல்கூடக் குறையவில்லை. பிரம்மநாயகத்துக்குக் கண் இருட்டியது. காற்றில் இருந்த பக்கம் வலித்தது. சோபாவில் இருந்த பக்கம் அதைவிட வலித்தது.

"எனக்குச் சோபாவும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம்!" என்று கட்டரை வீசிவிட்டு எழுந்தார்.

எழுந்ததுதான் தாமதம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் லேசாக நகர்ந்தார்கள். ஒரு பெருமூச்சு. அவர் உட்கார்ந்திருந்த அரை சீட் மூடிக்கொண்டது. வண்டியில் குர்லா ஸ்டேஷனில் ஒருவர் எழுந்ததும் அவர் இடம் மூடிக்கொள்ளுமே, அதுபோல. அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

"அப்போ உங்க சத்தியம் என்னாச்சு?" என்றாள் பேராச்சி, நூலை நறுக்கியபடி.

"எந்தச் சத்தியம்?"

"சுடலைமாடன் சத்தியம். உங்க பங்கு முழு எண்ணாத்தான் இருக்கணும்னு பண்ணினீயளே."

இருட்டில் ஒரு ஜன்னல் திறந்ததுபோல் இருந்தது பிரம்மநாயகத்துக்கு. ஆமாம்! சத்தியம்! அதை எப்படி மறந்தார்? சாமி பெயரில் பண்ணிய சத்தியத்தை இவளும் மீற முடியாது. ஒரு முழு சீட் கிடைத்தே தீரும். ஜான்சி எழுந்திருப்பாளா, தங்கத்தாய் எழுந்திருப்பாளா என்று சோபாவை மேலிருந்து கீழாக அளந்தார்.

"ஆமா! நல்லா ஞாபகப்படுத்தின!" நெஞ்சை நிமிர்த்தினார். "அரை, கால், முக்கால், ஒண்ணும் வேண்டாம். என் பங்கு முழு எண்ணா எனக்கு வந்தாகணும். சத்தியம்னா சத்தியம்!"

"வந்தாச்சே."

"எங்க வந்துச்சு? நின்னுக்கிட்டுல்லா இருக்கேன்!"

"ஏட்டி இசக்கி" என்றாள் பேராச்சி. "முழு எண்ணு எதுல இருந்து தொடங்குதுன்னு டீச்சர் சொன்னாவ?"

"ஸீரோ" என்றாள் இசக்கி.

பிரம்மநாயகம் விரலை மடக்கப் போனார். மடக்க ஒன்றும் இல்லை. சோபாவைப் பார்த்தார். சோபா நிறைந்திருந்தது.

"அப்படியே நிக்காதீய" என்றாள் பேராச்சி, அடுப்பு மூலையைக் கண்ணால் காட்டி. "அஞ்சு டீ போடுங்க. கட்டிங் இல்ல, முழுசு."